ஆர்.எஃப்.பி. வெளியாகும் நாளிலேயே செய்தி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசு டெண்டரில் முறைகேடு என்று உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. யாருக்கு ஒப்பந்தம் போனது, எத்தனை கோடி, எதிர்க்கட்சி என்ன சொன்னது, துறை என்ன மறுப்பு கொடுத்தது எல்லாம் விவரமாக இருக்கும். ஆனால் அந்த வேலைக்கு அரசு வெளியிட்ட ஆர்.எஃப்.பி. (ரிக்வெஸ்ட் ஃபார் பிரபோசல், அதாவது திட்ட முன்மொழிவு கேட்கும் அறிவிப்பு) ஆவணத்தில் என்ன எழுதியிருந்தது என்பது மட்டும் ஒரு வரிகூட இருக்காது. நான் கோவையில் சிறு நிறுவனங்களுக்கு டெண்டர் பேப்பர் தயாரித்துக் கொடுக்கும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், யார் ஜெயிக்கப் போகிறார் என்பதில் பெரும்பகுதி அந்த ஆவணம் எழுதப்படும்போதே முடிவாகிவிடுகிறது. விலைக் கவரைத் திறக்கும் நாளில் நடப்பது அநேகமாகக் கூட்டல் கழித்தல்தான். நீங்களும் நாங்களும் கவனிக்க வேண்டிய நாள் அதற்குப் பல வாரம் முந்தியது, அந்த நாளில் யாருமே கவனிப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விஷயம் தெரியாதவர்களுக்காக. சாதாரண டெண்டரும் ஆர்.எஃப்.பி.யும் ஒன்றல்ல. கல்யாணத்துக்கு ஐந்நூறு இலை, இன்னின்ன பதார்த்தம் என்று நாமே பட்டியல் போட்டு, இலைக்கு என்ன ரேட் என்று நாலு சமையல்காரரிடம் கேட்டால் அது டெண்டர், குறைந்த ரேட் சொன்னவருக்கு வேலை. என் வீட்டுக் கல்யாணம் இப்படி, கூட்டம் இவ்வளவு வரும், நீங்கள் என்ன செய்வீர்கள், யாரை வைத்துச் செய்வீர்கள், அப்புறம் எவ்வளவு ஆகும் என்று கேட்டால் அது ஆர்.எஃப்.பி. சாலைக்கு ஜல்லி, பள்ளிக்கு மேசை நாற்காலி வாங்க முதல் முறை போதும். ஒரு மாநகராட்சிக்கு வரி வசூல் மென்பொருள், ஒரு நகரத்துக்குக் குப்பை மேலாண்மைத் திட்டம், ஒரு துறையின் பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுவது, ஆலோசகரை நியமிப்பது, இதற்கெல்லாம் இரண்டாவது முறைதான் சரி. என்ன வேண்டும் என்று வாங்குபவருக்கே முழுசாகத் தெரியாத இடம் அது. அங்கே விலையோடு தரத்துக்கும் மார்க் போட வேண்டியிருக்கிறது. மார்க் என்று வந்துவிட்டால், அதை யார் போடுகிறார், எதற்கு எத்தனை போடுகிறார் என்பது ரொம்பப் பெரிய விஷயமாகிவிடுகிறது.

இந்த ஆவணங்கள் ஒன்றும் ரகசியம் அல்ல. உங்கள் நாளிதழின் உள்பக்கத்திலேயே செ.ம.தொ.இ. (செய்தி மக்கள் தொடர்பு இயக்ககம்) எண் போட்டு, பொடி எழுத்தில் விளம்பரம் வருகிறது. முழு ஆவணம் தமிழ்நாடு அரசின் டெண்டர் இணையதளத்திலும், மத்திய அரசு என்றால் மத்தியக் கொள்முதல் தளத்திலும் கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம். ஆனால் நூறு பக்கம், இருநூறு பக்கம், பெரும்பாலும் ஆங்கிலத்தில். எங்கள் ஊர்த் தொழில்காரர்கள் அதை இறக்கியதும் நேரே கடைசிக்குப் போய் விலைப் படிவத்தைத்தான் பார்க்கிறார்கள். வேலை என்ன, ரேட் என்ன போடலாம் என்று கணக்குப் போட்டு முடித்து, கடைசி நாளுக்கு முதல் நாள்தான் முன்பக்கங்களைத் திருப்புகிறார்கள். தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் படிக்க வேண்டியது தகுதி நிபந்தனை. அதில் நாம் தேறவில்லை என்றால் நம் விலைக் கவரை யாரும் பிரிக்கக்கூட மாட்டார்கள்.

தகுதி நிபந்தனை நியாயமானதா என்று எப்படிப் பார்ப்பது? அதற்கு ஒரு அளவுகோல் பல வருடமாக இருக்கிறது. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2002 டிசம்பரில் கட்டுமான வகை வேலைகளுக்காகச் சொன்னது அது. கடந்த 3 வருடச் சராசரி டர்ன்ஓவர் (வருட வியாபாரத் தொகை), மதிப்பீட்டுத் தொகையில் 30 சதவீதமாவது இருக்க வேண்டும். கடந்த 7 வருடத்தில் இதே மாதிரி வேலையில், மதிப்பீட்டில் 40 சதவீதத்துக்குக் குறையாத 3 வேலை, அல்லது 50 சதவீதத்துக்குக் குறையாத 2, அல்லது 80 சதவீதத்துக்குக் குறையாத 1 வேலை முடித்திருக்க வேண்டும். ஒரு கோடி ரூபாய் வேலை என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு முப்பது லட்சம் டர்ன்ஓவர், நாற்பது லட்சத்தில் மூன்று வேலை முடித்தவர் வரலாம். மாநில அரசு அலுவலகங்களை இது சட்டப்படி கட்டிப்போடாது, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட எளிய கணக்கு கிடையாது. ஒரு கோடி வேலைக்குப் பத்துக் கோடி டர்ன்ஓவர் கேட்டால், ஏன் என்று கேட்க உங்கள் நிருபருக்கு எந்தப் பொறியியல் படிப்பும் தேவையில்லை.

தொகையைவிடச் சூட்சுமமான இடம் ‘இதே மாதிரி வேலை’ என்பதற்கு ஆவணம் கொடுக்கும் விளக்கம். டர்ன்ஓவரைக் கூட்டி வைத்தால் பார்த்ததும் தெரிந்துவிடும். இந்த விளக்கத்தில் இரண்டு சொல் சேர்த்தால் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரு சின்ன நிறுவனம், பத்துப் பதினைந்து இளைஞர்களும் பெண்களும் வேலை செய்கிற இடம், பழைய காகிதப் பதிவேடுகளை ஸ்கேன் செய்து அட்டவணை போட்டுக் கணினியில் ஏற்றிக் கொடுக்கிறார்கள். நைந்துபோன காகிதத்தைக் கிழியாமல் பிரிக்க அந்தப் பெண்களுக்கு இருக்கும் கைப்பக்குவத்தை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதலில் மெல்லிய தூரிகையால் தூசியை ஓட்டி, ஒட்டிய ஓரத்தில் பட்டையான கத்தியைப் படுக்கை வசத்தில் நுழைத்து, மூச்சு விடாமல் எடுப்பார்கள். ஒரு தனியார் மருத்துவமனைக்கும் ஒரு கூட்டுறவு நிறுவனத்துக்கும் பெரிய அளவில் செய்து கொடுத்து நல்ல பெயர் வாங்கியவர்கள். ஒரு அரசு அலுவலகம் இதே வேலைக்கு ஆர்.எஃப்.பி. விட்டது. ‘இதே மாதிரி வேலை’ என்பதற்கு, ஏதாவது ஒரு மாநில அரசின் அதே துறைக்குச் செய்திருக்க வேண்டும் என்று விளக்கம். அந்தத் துறைக்கு அந்த வேலையை அதுவரை செய்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். காகிதம் எந்தத் துறைக் காகிதமாக இருந்தால் என்ன, ஸ்கேன் ஒன்றுதானே? ஆனால் இவர்கள் ஆவணத்தை இறக்கும்போதே கேள்வி கேட்பதற்கான கூட்டம் முடிந்துவிட்டிருந்தது. விண்ணப்பித்தார்கள், தகுதி இல்லை என்று தள்ளப்பட்டார்கள். அந்த முதலாளிப் பையன் வெளியே வந்து எல்லாம் செட்டிங் என்று சொன்னான். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வேறு மாநில ஆவணத்திலிருந்து அந்த வரியை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு. எதுவாக இருந்தாலும் அதைக் கேட்டிருக்க வேண்டிய நாள் போய்விட்டது.

அந்தக் கூட்டத்தைத்தான் பிரீ-பிட் மீட்டிங் என்கிறார்கள். ஆர்.எஃப்.பி. வெளியாகிக் கொஞ்ச நாளில் வைப்பார்கள். அதற்கு முன்னால் எழுத்தில் கேள்வி அனுப்பலாம்: பக்கம், பத்தி எண், இருக்கும் வாசகம், நம் சந்தேகம் என்று நாலு கட்டம் போட்ட படிவம்தான். எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதி, அதை எல்லாரும் பார்க்கிற மாதிரி தளத்தில் ஏற்றுவார்கள், ஆவணத்தில் திருத்தம் இருந்தால் அதையும் சேர்த்து வெளியிடுவார்கள். எனக்குத் தெரிந்து இந்த முழு நடைமுறையிலும் ஒரு சின்ன நிறுவனம் பெரிய நிறுவனத்துக்குச் சமமாக நின்று பேச முடிகிற ஒரே இடம் இதுதான். கேள்விக்கு டர்ன்ஓவர் கிடையாது. இன்னொரு தடவை இன்னொரு அலுவலகத்தில், அரசு நிறுவனங்களுக்குச் செய்த வேலை மட்டும்தான் கணக்கு என்று இருந்ததற்கு, தனியாருக்குச் செய்த வேலையையும் டி.டி.எஸ். (பணம் தரும்போதே வரி பிடித்ததற்கான) சான்றோடு ஏற்கலாமே, அதனால் போட்டி கூடும், விலை குறையும் என்று ஒரே ஒரு பத்தி எழுதிக் கேட்டோம். திருத்தம் வந்தது. சண்டை இல்லை, சிபாரிசு இல்லை. அதிகாரிக்கும் அது ஒரு பாதுகாப்பு, நாளைக்குத் தணிக்கையில் கேட்டால் கேள்வி வந்தது, மாற்றினோம் என்று காட்டலாம். ஆனால் இந்தக் கூட்டங்களில் எங்கள் பக்கத்து நாற்காலிகள் காலியாகத்தான் இருக்கின்றன. கேள்வி கேட்டால் அதிகாரிக்குக் கோபம் வந்துவிடும், அப்புறம் மார்க் போடமாட்டார் என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை யாராவது எடுத்துச் சொல்லிப் போக்க வேண்டும்.

சரி, மார்க் விஷயத்துக்கு வருகிறேன். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017 ஆலோசகர் தேர்வுக்கு, தரத்துக்கும் விலைக்கும் சேர்த்து மதிப்பெண் போடும் முறையை அனுமதிக்கிறது, அதில் தரத்தின் பங்கு 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2021 அக்டோபரில் நிதி அமைச்சகம் கட்டுமான வேலைகளுக்கும் மற்றச் சேவைகளுக்கும் இந்த முறையைச் சில நிபந்தனைகளோடு திறந்துவிட்டது, ஆனால் அங்கே தரத்தின் பங்கு 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்தது. இந்தச் சதவீதம் ஏன் முக்கியம் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

‘அ’ நிறுவனத்துக்குத் தொழில்நுட்ப மதிப்பெண் 90, அவர்கள் கேட்ட விலை 1 கோடியே 20 லட்சம். ‘ஆ’ நிறுவனத்துக்கு 75 மதிப்பெண், விலை 90 லட்சம். விலைக்கு மார்க் போடும் வழக்கமான முறையில், குறைந்த விலை சொன்ன ஆ-வுக்கு 100. அ-வுக்கு 90 லட்சத்தை 120 லட்சத்தால் வகுத்து 75. இப்போது தரத்துக்கு 70, விலைக்கு 30 என்று ஆவணம் சொன்னால், அ-வுக்கு 63-ம் 22.5-ம் சேர்த்து 85.5. ஆ-வுக்கு 52.5-ம் 30-ம் சேர்த்து 82.5. முப்பது லட்சம் கூடுதலாகக் கேட்ட அ ஜெயிக்கிறார். அதையே தரத்துக்கு 30, விலைக்கு 70 என்று திருப்பிப் போட்டால் அ-வுக்கு 79.5, ஆ-வுக்கு 92.5. இரண்டு நிறுவனமும் அதேதான், விலையும் அதேதான், ஆவணத்தில் ஒரே ஒரு வரி மாறியிருக்கிறது. இன்னொன்றும் உண்டு. தொழில்நுட்பத்தில் குறைந்தது 80 வாங்கியவர்களின் விலைக் கவர் மட்டுமே திறக்கப்படும் என்று ஒரு வரி இருந்தால், ஆ-வின் தொண்ணூறு லட்சம் என்ற விலை வெளியே வரவே வராது. அரசுக்கு முப்பது லட்சம் மிச்சமாகியிருக்கும் என்பதுகூட யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

முப்பது லட்சம் கூடக் கொடுத்துத் தரமானவரை எடுப்பது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. பாலம் வடிவமைக்கிறவரைக் குறைந்த ரேட் என்பதற்காக எடுத்துவிட்டு அப்புறம் அவதிப்படுவதைவிட அது எவ்வளவோ மேல். நான் கேட்பது, அந்த 90-ம் 75-ம் எப்படி வந்தது என்பது ஆவணத்திலேயே தெரிய வேண்டும் என்பதுதான். அனுபவத்துக்கு இவ்வளவு, ஒவ்வொரு கூடுதல் வேலைக்கும் இவ்வளவு, பணியாளர் தகுதிக்கு இவ்வளவு என்று பிரித்துப் போட்டிருந்தால் நம் மார்க்கை நாமே வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். நான் என்னிடம் வருபவர்களை முதலில் செய்யச் சொல்வது அதைத்தான், அறுபது தேறவில்லை என்றால் அந்த டெண்டருக்கு ஆகும் செலவையும் அலைச்சலையும் மிச்சப்படுத்திக்கொண்டு அடுத்ததைப் பாருங்கள் என்று சொல்லிவிடுவேன். ஆனால் சில ஆவணங்களில் செயல்முறை விளக்கத்துக்கும் நேரில் வந்து விளக்கிக் காட்டுவதற்கும் முப்பது, நாற்பது மார்க் என்று மொத்தமாகத் தூக்கிப் போட்டிருப்பார்கள், எதற்கு எத்தனை என்று ஒரு சொல் இருக்காது. சந்தேகத்துக்கு இடம் கொடுப்பது இந்த இடம்தான். நேர்மையான குழு உட்கார்ந்து நேர்மையாகப் போட்டாலும் தோற்றவர் நம்ப மாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

சின்னத் தவறுகளால் தள்ளப்படுவது இன்னொரு வேதனை. விலையை டெக்னிக்கல் கவரில் (தகுதி, தொழில்நுட்ப விவரங்கள் வைக்கும் தனிக் கவர்) எங்காவது குறிப்பிட்டுவிட்டால் போச்சு. நிபந்தனை போட்டு ரேட் கொடுத்தாலும் போச்சு. தளத்திலிருந்து இறக்கிய விலைப் பட்டியல் கோப்பின் பெயரை மாற்றிச் சேமித்துவிட்டால் அது ஏறாது. நம் கைக்கடிகாரம் என்ன சொன்னாலும் தளத்தின் சர்வர் நேரம்தான் கணக்கு. டிஜிட்டல் கையெழுத்து காலாவதியாகியிருப்பது கடைசி நாள் மத்தியானம்தான் பலருக்குத் தெரியவருகிறது. திருத்த அறிவிப்பில் ஒரு இணைப்பை மாற்றியிருப்பார்கள், பழைய படிவத்திலேயே கையெழுத்துப் போட்டு ஏற்றியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

குறு, சிறு நிறுவனங்களுக்குச் சட்டம் கொடுத்திருக்கும் சலுகைகளும் பாதிப் பேருக்குத் தெரியாது. 2012-ன் மத்தியக் கொள்முதல் கொள்கைப்படி அவர்களுக்கு டெண்டர் ஆவணம் இலவசம், இ.எம்.டி. (டெண்டரோடு கட்டும் முன்வைப்புத் தொகை) கட்டத் தேவையில்லை. மதிப்பீட்டில் 2 முதல் 5 சதவீதம் வரை இ.எம்.டி. கேட்கும் இடத்தில் இது சின்னத் தொகை இல்லை. குறைந்த விலையைவிட 15 சதவீதத்துக்குள் கூடுதலாகக் கேட்டிருந்தாலும், அந்தக் குறைந்த விலைக்கு இறங்கி வரச் சம்மதித்தால் ஒரு பங்கு வேலை அவர்களுக்குக் கொடுக்கலாம். மத்திய அரசு நிறுவனங்கள் வருடக் கொள்முதலில் 25 சதவீதம் இவர்களிடம் வாங்க வேண்டும், அதற்குள் பட்டியல் சாதி, பழங்குடியினர் நிறுவனங்களுக்கு 4 சதவீதம், பெண்கள் நடத்துபவற்றுக்கு 3 சதவீதம். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இது பொருந்தாது, தாங்களே உற்பத்தி செய்பவர்களுக்கும் சேவை தருபவர்களுக்கும்தான். டர்ன்ஓவர், முன் அனுபவ நிபந்தனையைத் தளர்த்தவும் வழி இருக்கிறது, ஆனால் அது வாங்கும் அலுவலகத்தின் விருப்பம். ஆவணத்தில் எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் பிரீ-பிட்டில் கேட்க வேண்டும்.

ஆவணத்தின் கடைசியில் ஒப்பந்த வரைவு இருக்கும். ஜெயித்த பிறகுதான் பலர் அதைப் படிக்கிறார்கள், அது ரொம்ப ஆபத்து. பணம் எப்போது வரும், எந்த அதிகாரி ஏற்பு கொடுத்தால் வரும், தாமதத்துக்கு வாரத்துக்கு எவ்வளவு பிடிப்பார்கள், அரசுத் தரப்பில் தாமதமானால் கெடு நீளுமா என்பதெல்லாம் அங்கேதான். எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டம் 2006-ன்படி சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. எங்கள் ஆட்கள் அடுத்த வேலை கிடைக்காது என்று அதைக் கேட்பதே இல்லை. மூன்று மாதச் சம்பளத்தைக் கையிலிருந்து போடக்கூடிய அளவுக்குப் பணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விலை போட வேண்டும் என்று நான் சொன்னால், அப்படிப் போட்டால் எல்-1 (குறைந்த விலை சொன்னவர்) வரமாட்டோம் சார் என்கிறார்கள்.

அரசு தான் எழுதிய வரிக்குத் தானே கட்டுப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1979-லேயே சொல்லிவிட்டது. ரமணா தயாராம் ஷெட்டி வழக்கு. பம்பாய் சர்வதேச விமான நிலையத்தில் ஒரு இரண்டாம் தர உணவகமும் இரண்டு சிற்றுண்டிக் கடையும் நடத்த டெண்டர் கேட்டார்கள், குறைந்தது 5 வருட அனுபவம் உள்ள, பதிவு பெற்ற இரண்டாம் தர ஓட்டல்காரராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வேலை போனது அந்தத் தகுதி இல்லாத, கேண்டீன் நடத்திய ஒருவருக்கு. வழக்குப் போட்டவருக்கும் அந்தத் தகுதி இல்லை, ஆனால் அவர் கேட்ட கேள்வி சரியானது: நிபந்தனையைத் தளர்த்துவீர்கள் என்று தெரிந்திருந்தால் நானும் டெண்டர் போட்டிருப்பேனே? நீதிபதி பகவதி அமர்வு அதைக் கொள்கையளவில் ஏற்றுக்கொண்டது. போட்ட நிபந்தனையை அரசு அமைப்பு இஷ்டத்துக்கு மீறக் கூடாது என்று தீர்ப்பில் எழுதியது. இருந்தும் அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்யவில்லை. வழக்குப் போட்டவர் தாமதமாக வந்தார், அதற்குள் வேலை எடுத்தவர் பணம் செலவழித்துவிட்டார் என்பது முக்கியமான காரணம். பின்னால் 1994-ல் டாடா செல்லுலார் வழக்கில், சென்னை உட்பட நாலு பெருநகர மொபைல் உரிமங்கள் பற்றிய வழக்கு அது, டெண்டர் முடிவுகளுக்கு நீதிமன்றம் மேல்முறையீட்டு மன்றம் போல் உட்காராது, முடிவு எடுத்த விதம் சரியா என்று மட்டும் பார்க்கும் என்று சொல்லிவிட்டது. ஆக, வேலை கைமாறிய பிறகு கோர்ட்டுக்குப் போய் ஜெயிப்பது கஷ்டம்.

தமிழ்நாட்டுக்கு என்று 1998-ல் இயற்றிய டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டமும், 2000-ன் விதிகளும் இருக்கின்றன. நல்ல சட்டம், மற்ற மாநிலங்கள் பலவற்றில் இப்படி ஒன்று இல்லவே இல்லை. 2 கோடி ரூபாய் வரையான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம், அதற்கு மேல் என்றால் 30 நாள். குறைக்க வேண்டுமானால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிவு செய்து அனுமதிக்க வேண்டும். யாருடைய டெண்டர் ஏற்கப்பட்டது, மற்றவர்களுடையது ஏன் தள்ளப்பட்டது என்பதை அரசு வெளியிடும் டெண்டர் புல்லட்டினுக்கு அனுப்ப வேண்டும். பாதிக்கப்பட்டவர் 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். அந்தப் பத்து நாள் எப்போது ஓடிப்போகிறது என்றே எங்கள் ஆட்களுக்குத் தெரிவதில்லை. தள்ளுபடிக்கான காரணத்தைத் தெளிவாக எழுதிக் கையில் கொடுத்தால்தானே மேல்முறையீட்டில் எதையாவது சொல்ல முடியும்? ‘தகுதி நிபந்தனையை நிறைவு செய்யவில்லை’ என்று ஒற்றை வரி வந்தால் எந்த நிபந்தனை என்று தேடுவதிலேயே பாதி நாள் போய்விடுகிறது.

அதிகாரிகளை மட்டும் குறை சொல்வதும் சரியில்லை. ஒரு பேரூராட்சியிலோ சின்ன வாரியத்திலோ மென்பொருள் வாங்க ஆர்.எஃப்.பி. எழுதுபவர் அதை வாழ்க்கையில் முதல் தடவை எழுதுகிறார், தலைக்கு மேல் மற்ற வேலையும் இருக்கிறது. பழைய ஆவணம் ஒன்றை வாங்கித் துறையின் பெயரை மாற்றி வெளியிடுகிறார், நடுவில் ஒரு இடத்தில் வேறு மாநிலத்தின் பெயர் அப்படியே நிற்கும். தப்பான ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டால் தணிக்கை வரும் என்ற பயத்தில் நிபந்தனைகளை ஏற்றிக்கொண்டே போகிறார். அவருக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும், எளிய மாதிரி ஆவணங்கள் வேண்டும், ஒவ்வொரு ஆர்.எஃப்.பி.க்கும் இரண்டு பக்கத்தில் தமிழ்ச் சுருக்கம் சேர்க்க வேண்டும் என்று ஒரு உத்தரவு வேண்டும். வேலை என்ன, யார் வரலாம், மார்க் எப்படி, கேள்வி கேட்கக் கடைசி நாள் எது, இவ்வளவு இருந்தால் போதும். தொழில்நுட்ப மதிப்பெண்ணை வெறும் எண்ணாக இல்லாமல் தலைப்புவாரியாகப் பிரித்து, விலைக் கவர் திறப்பதற்கு முன்பே தளத்தில் போட வேண்டும். இதற்கெல்லாம் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை.

உங்களிடம் கேட்பது இதுதான். வாரத்தில் ஒரு நாள், நாலைந்து அங்குலம் இடம் ஒதுக்குங்கள். அந்த வாரம் உங்கள் பதிப்பு போகும் மாவட்டங்களில் வெளியான பெரிய ஆர்.எஃப்.பி.கள் எவை, மதிப்பீடு எவ்வளவு, டர்ன்ஓவர் எவ்வளவு கேட்டிருக்கிறார்கள், ‘இதே மாதிரி வேலை’ என்றால் என்ன என்று எழுதியிருக்கிறார்கள், தரத்துக்கும் விலைக்கும் எத்தனைக்கு எத்தனை, பிரீ-பிட் கூட்டம் எந்தத் தேதி என்று போடுங்கள். உங்கள் நிருபர்களை அந்தக் கூட்டத்துக்கு முன்னால் ஆவணத்தைப் படித்துவிட்டு அதிகாரிகளிடம் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். முறைகேடு புகார் வந்து செய்தி எழுதும்போதும், சம்பந்தப்பட்ட நிபந்தனையை அப்படியே தமிழில் எடுத்துப் போட்டு, அதற்கு எத்தனை பேர் கேள்வி எழுப்பினார்கள், துறை என்ன பதில் சொன்னது என்பதையும் சேருங்கள். தளத்தில் எல்லாம் கிடக்கிறது.

இதை எப்படி எடுப்பது, எந்தப் பக்கத்தில் என்ன இருக்கும் என்று உங்கள் அலுவலகத்தில் யாருக்காவது காட்ட வேண்டுமானால், நான் நேரில் வந்து உட்கார்ந்து சொல்லித் தரத் தயார். என் முகவரியும் தொலைபேசி எண்ணும் கடித உறையில் இருக்கின்றன, பிரசுரிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
கோயம்புத்தூர்.